ஆறு சின்ன கிளாஸும் ஒரு குவாட்டரும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. குடிக்காதே என்று அறிவுரை சொல்லவும் எனக்குத் தகுதி கிடையாது. நாற்பது வயது வரை ஒரு சொட்டு தொடாமல் இருந்துவிட்டு, அப்புறம் ஒரு நண்பர் புண்ணியத்தில் பீரை ருசிக்கக் கற்றுக்கொண்டு, போன தை மாதம் சித்தி கேட்ட ஒரே ஒரு கேள்வியில் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்து கணக்குப் போட்ட ஒரு பாங்க் ஆபீசரின் புலம்பல், அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் படிப்பார்களே என்று ரொம்ப நாள் இதை எழுதாமல் இருந்தேன். சித்திக்கே தெரிந்துவிட்டது, இனி யாருக்குத் தெரிந்தால் என்ன :-)

எனக்கு 46 வயது. மன்னார்குடிப் பக்கம். பி.காம் முடித்து, பரீட்சை எழுதி பாங்கில் சேர்ந்து, ஊர் ஊராக மாற்றலாகி, 2016-ல் புனே வந்து சேர்ந்தேன். தங்கமணியும் பதினேழு வயதுப் பையனும் உடன். எங்கள் வீட்டில் குடி என்றால் அது சித்தப்பா. அப்பாவுக்கு நேர் இளையவர். சைக்கிள் கடை வைத்திருந்தார். எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், அரைப் பெடல் காலத்தில் என் பின்னாலேயே ஓடி வந்தவர். கடையைச் சாத்தியதும் ஒரு குவாட்டர். 2003-க்கு முன்னால் தனியார் கடை, சில்லறை விற்பனையை அரசாங்கமே எடுத்துக்கொண்ட பிறகு டாஸ்மாக். நின்றபடியே தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றி, மூன்று மடக்கில் முடித்துவிடுவார். ஒவ்வொரு மடக்குக்கும் முகம் கோணும். எதையோ ரசித்துச் சாப்பிடுகிறவரின் முகம் இல்லை அது, விளக்கெண்ணெய் குடிக்கிற குழந்தையின் முகம். 2008-ல் கல்லீரல் போய் இறந்தார். 52 வயது. சித்தியின் சங்கிலி அப்போது அடகில் இருந்தது. தினமும் நகைக்கடன் சீட்டுகளில் கையெழுத்துப் போடுகிறவனுக்கு, சொந்த வீட்டுச் சீட்டைக் கையில் வாங்கும்போது எப்படி இருக்கும் என்பதை விவரிக்கப் போவதில்லை. சங்கிலியை மீட்டோம். ஆளை முடியவில்லை.

ஆகவே நான் தொடவில்லை. ஆபீஸ் பார்ட்டிகளில் லைம் சோடா. "என்ன சார், விரதமா?" என்று கேட்டால் ஒரு சிரிப்பு.

2019-ல் எங்கள் அபார்ட்மெண்டுக்கு ஒரு திருநெல்வேலிக்காரர் குடி வந்தார் (குடி வந்தார் என்பதில் சிலேடை எதுவும் இல்லை). மருந்து கம்பெனியில் கெமிஸ்ட். பெயர் வேண்டாம், கெமிஸ்ட்ரி என்றே வைத்துக்கொள்வோம். பொங்கலுக்குச் சங்கத்தில் பார்த்து, காபிப் பொடி எங்கே கிடைக்கும் என்று பேச ஆரம்பித்து நெருக்கமானோம். ஒரு சனிக்கிழமை பாலேவாடிப் பக்கம், உள்ளேயே பீர் காய்ச்சும் கடை ஒன்றுக்கு அழைத்துப் போனார். வழக்கம்போல் லைம் சோடா என்றேன். ஒரு மரத்தட்டில் வரிசையாக ஆறு சின்ன கிளாஸ் வந்து நின்றது. ஒன்று வைக்கோல் நிறம், ஒன்று கலங்கல், ஒன்று தேன், ஒன்று அட்டைக் கறுப்பு. சாம்ப்ளர் என்கிறார்கள். முதல் கிளாஸை என் பக்கம் தள்ளி, "அண்ணாச்சி, நீரு குடிக்க வேண்டாம். மோந்து மட்டும் பாரும்" என்றார்.

மோந்து பார்த்தேன். வாழைப்பழம். அதுவும் பழுத்துக் கறுத்த கற்பூரவல்லி. பின்னாலேயே லேசாகக் கிராம்பு.

"எசென்ஸ் ஊத்திருக்கானா?"

"பழமும் இல்ல, கிராம்பும் இல்ல. எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை."

அங்கே தொடங்கியது எனக்கு. அது ஹெஃபவைசன், ஜெர்மனியின் பவேரியா பக்கத்துக் கோதுமை பீர். வாழைப்பழத்தில் இருக்கிற அதே ஐசோஅமைல் அசிடேட் என்கிற வேதிப்பொருளை இந்த வகை ஈஸ்ட் தானாகவே உண்டாக்குகிறது. கிராம்பு வாசனையும் அதன் கைவேலைதான். 1516-ல் பவேரியாவில் பீர் என்றால் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர எதுவும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அதில் ஈஸ்டின் பெயரே இல்லை. அப்படி ஒரு ஜீவன் இருப்பதே யாருக்கும் தெரியாது! இட்லி மாவைக் கரைத்து வைத்துவிட்டுத் தூங்கப் போகும் நம் பாட்டிகள் போலத்தான் அவர்களும். யார் பொங்க வைக்கிறார்கள் என்று தெரியாது, ஆனால் காலையில் பொங்கியிருக்கும்.

இரண்டாவது கிளாஸில் ஒரு வாய் வைத்தேன். (ஆமாம், அன்றைக்குத்தான்.) பெல்ஜியத்து விட்பியர். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் இடித்துப் போடுகிறார்கள். நாக்கில் பட்டதும் எனக்கு ரச வாசனை வந்தது, சத்தியமாக. ஹோகார்டன் என்ற ஊரில் இந்த வகை பீர் காய்ச்சுவது நின்றே போய்விட்டதாம். அந்த ஊர்ப் பால்காரர் பியேர் செலிஸ் என்பவர் 1960-களில் மறுபடியும் காய்ச்ச ஆரம்பித்ததால் பிழைத்தது. ஒரு பால்காரர் காப்பாற்றிய சரக்கு என்பதில் எனக்கு அலாதி பிரியம்.

ஐ.பி.ஏ. கதையை ஒரு பாங்க்காரன் சொல்லாமல் விடக்கூடாது. இந்தியா பேல் ஏல். பெயரிலேயே நம் நாடு. லண்டனிலிருந்து கப்பலில் வரும் பீர் புளித்துப் போகாமல் இருக்க, ஹாட்ஜ்சன் என்பவர் நிறைய ஹாப்ஸ் போட்டுப் புதிதாகக் கண்டுபிடித்தது என்று எல்லா மெனு கார்டிலும் போட்டிருப்பார்கள். உண்மை அவ்வளவு சினிமாத்தனமாக இல்லை. அந்த மாதிரி வெளிறிய, ஹாப்ஸ் தூக்கலான பீர் இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்தது. சிப்பாய்களுக்காகக் கறுப்பு போர்ட்டரும் கப்பல் கப்பலாக வந்து நன்றாகவே போய்ச் சேர்ந்தது. பின்னே ஹாட்ஜ்சன் ஜெயித்தது எதனால்? அவருடைய பௌ பிரூவரி கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கத்தில் இருந்தது. கூடவே கப்பல் கேப்டன்களுக்குப் பதினெட்டு மாதம் வரை கடன் கொடுத்தார். வித்துவிட்டு வந்து காசு கொடு, போ! ஒரு பீர் உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம் ஹாப்ஸ் பாதி என்றால் கிரெடிட் பீரியட் மீதி. 1820-களில் ஹாட்ஜ்சன் வாரிசுகளுக்குப் பேராசை வந்தது. கடனை நிறுத்தி, விலையை ஏற்றி, தாங்களே கப்பலில் அனுப்ப ஆரம்பித்தார்கள். கடுப்பான கம்பெனி டைரக்டர் ஒருவர் பர்ட்டன் ஊரின் ஆல்சாப்பைக் கூப்பிட்டு, இதே சரக்கை நீ காய்ச்சு என்றார். பர்ட்டன் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், பீர் இன்னும் நன்றாகவே வந்தது. ஹாட்ஜ்சன் கதை அத்தோடு சரிந்தது. என் பிராஞ்சில் கேஷ் கிரெடிட் கேட்டு வரும் வியாபாரிகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம் என்று ஆசை. மேனேஜர் பீர் கதை சொல்கிறார் என்று புகார் போய்விடும்.

அந்தக் கசப்பு நமக்குப் புதிதே இல்லை என்பதுதான் விசேஷம். பக்கத்து மேஜை வடநாட்டுப் பையன்கள் ஐ.பி.ஏ.யை வாயில் வைத்து "யாக்" என்றபோது நாங்கள் இருவரும் அசையவே இல்லை. சுண்டைக்காய் வற்றலும் வேப்பம்பூ ரசமும் சாப்பிட்டு வளர்ந்த நாக்கு. ஸ்டவுட் அதைவிடச் சுலபம். கறுகக் கறுக வறுத்த பார்லி. காபிக்கொட்டையை வறுக்கும்போது நடக்கிற அதே சமாசாரம் தானியத்தில் நடக்கிறது. காபி ஒரு துளி இல்லாமலே கும்பகோணம் வாசனை. ட்ரிப்பல் என்று பெல்ஜியத்துக் கிளாஸ் ஒன்று இருந்தது, தேன் நிறம், குடிக்க இனிப்பாக, சாதுவாக. ஆறு பேரில் அதுதான் வில்லன், அப்புறம் சொல்கிறேன். லாகரைப் பற்றிச் சொல்ல ரொம்ப இல்லை. 1842-ல் பில்சன் ஊரில் யோசப் க்ரோல் காய்ச்சியதன் கொள்ளுப்பேரன்கள்தான் இன்று உலகம் பூராவும் பச்சை, பழுப்பு பாட்டில்களில் விற்கிறார்கள். ஐஸ் மாதிரி குளிர வைத்துக் கொடுத்தால் எந்த பீரிலும் எந்த ருசியும் தெரியாது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நாக்கு மரத்துவிடும். ஊரில் "கூலிங் இருக்கா?" என்பதுதானே முதல் கேள்வி?

இதில் ஒரு விஷயம் என்னை ரொம்ப நாள் குடைந்தது. காபிக்கு நம்மிடம் எத்தனை வார்த்தை! கள்ளிச்சொட்டு, டிகிரி, ஸ்ட்ராங், லைட், இரண்டாம் டிகாக்ஷன், ஆறிப்போச்சு, கழுநீர். மதுவுக்கு? தண்ணி அடிக்கிறான், சரக்கு போடுறான், ஏத்துறான், கவுத்துறான். வினைச்சொற்களைப் பாருங்கள். எதிலும் நாக்கு இல்லை. அடிப்பதும் ஏற்றுவதும்தான். இத்தனைக்கும் சங்க காலத்தில் தேறல், நறவு, தோப்பி என்று தனித்தனிப் பெயர் இருந்ததாம். அரிசிக் களியை ஆற வைத்துச் சாடியில் ஊறப்போட்டு மது எடுக்கும் பக்குவமே பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது என்று தமிழாசிரியரான என் மச்சினர் சொன்னார். (எதற்கு விசாரிக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.) ருசிக்கு வார்த்தை இருந்த மொழியில் போதைக்கு மட்டும் வார்த்தை மிஞ்சியது எப்படி? வரி, தடை, மானக்கேடு, அவசரம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை என்பது என் கட்சி. ஒளிந்து குடிக்கிறவனுக்கு ருசி பார்க்க நேரம் ஏது.

இப்படியாகக் கெமிஸ்ட்ரியும் நானும் மாதம் ஒரு சனிக்கிழமை என்று வைத்துக்கொண்டோம். கொரோனா காலம் போக, ஐந்தாறு வருஷம். போகவர டாக்சிதான், அதில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒழுங்கு. ஒரு நோட்டில் நிறம், வாசனை, கசப்பு என்று எழுதிவைப்பேன், லெட்ஜர் மாதிரி கோடு போட்டு. மகாராஷ்டிராவில் குடிக்க பெர்மிட் வேண்டும், தெரியுமோ? 1949-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. பெர்மிட் எதற்கு என்றால், "உடல்நலத்தைப் பேணிக் காப்பதற்காக" மது அருந்த! ஆயுள் பெர்மிட்டே உண்டு. ஆயுளைக் குறைக்கிற வஸ்துவுக்கு ஆயுள் பெர்மிட். நான் ஒன்று வாங்கி, ஆதார் கார்டுக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.

இந்தப் பக்கத்துக் கதை இன்னொன்றும் கெமிஸ்ட்ரி சொன்னார். 2009-ல் புனேயில் ஆரம்பித்த பீர் கம்பெனி ஒன்றின் பெயர் டூலாலி. நாசிக் பக்கத்து தேவ்லாலிதான் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆனது. இந்தியாவில் வேலைக்காலம் முடிந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஊருக்குக் கப்பல் ஏற அங்கே முகாமில் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பார்களாம். வெயில், காய்ச்சல், செய்ய வேலை இல்லை, ஊர் நினைப்பு. பல பேருக்குப் புத்தி பேதலித்தது. அதிலிருந்து ஆங்கிலத்தில் கிறுக்குப் பிடித்தவனை "டூலாலி" என்பது வந்துவிட்டது. தீபாவளிக்குத் தட்கல் கிடைக்காமல் வெயிட்டிங் லிஸ்ட் 87-ல் உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தச் சிப்பாய்களைப் புரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் எங்கள் அபார்ட்மெண்ட் வாசலுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் நாட்டுச் சாராயக் கடையை எடுக்கச் சொல்லி ஒரு மனு தயாரானது. கட்டட வேலை செய்கிறவர்கள் சாயங்காலம் வந்து நிற்பார்கள். "குடிகாரர்கள் தொல்லை, பெண்கள் நடமாட முடியவில்லை" என்று எழுதியிருந்தார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். நானும் போட்டேன். போட்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம். ராத்திரி பாலேவாடியில் ஸ்டவுட்டின் நுரையைப் பற்றி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, மனு தயாரித்த பெரியவரே இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார். கை அசைத்தார். நானும் அசைத்தேன். அப்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. அவர்கள் குடிக்கிறார்கள், நாங்கள் டேஸ்ட் பண்ணுகிறோம். வேறு வேறு.

தை மாதம் சித்தி வந்தாள். முழங்கால் வைத்தியத்துக்காக ஒரு மாதம் எங்களோடு. சும்மா உட்கார மாட்டாள், துணியை மெஷினில் போடுகிறேன் என்று என் சட்டைப் பையைத் துழாவியபோது பில் கிடைத்திருக்கிறது. சாம்ப்ளர் 2, ஐ.பி.ஏ. 2, வேர்க்கடலை மசாலா 1. பையனிடம் "இது என்ன ஹோட்டல்டா கண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். அவனும் "பீர் பாட்டி" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டான். அந்தக் காலத்தில் நாங்கள் அப்பாவைக் காட்டிக்கொடுத்திருப்போமா?

ராத்திரி தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"எவ்ளோடா குடிப்பே?"

"குடிக்கிறது இல்ல சித்தி. ஆறு சின்ன கிளாஸ் வரும். டேஸ்ட் பண்றதுதான்."

"அதான், ஆறு கிளாஸ்னா எவ்ளோ?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆறு வருஷ நோட்டில் வாசனை இருக்கிறது, நிறம் இருக்கிறது, நுரை எத்தனை நிமிஷம் நின்றது என்று இருக்கிறது. எவ்வளவு என்பது இல்லை. சித்தி தோசையைத் திருப்பிப் போட்டாள். "உங்க சித்தப்பாவும் மொதல்ல மருந்து மாதிரி கொஞ்சூண்டும்பார்" என்றாள். என் ஆயுள் பெர்மிட் ஞாபகம் வந்தது.

எல்லோரும் படுத்தபின் கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள், சுலபம். எத்தனை மில்லி, எத்தனை சதவீதம் ஆல்கஹால், பெருக்கினால் சுத்த ஆல்கஹால் எத்தனை மில்லி என்று வரும். அதை 0.79-ஆல் பெருக்கினால் கிராம். எங்கள் சாம்ப்ளரில் கிளாஸுக்கு 100 மில்லி. ஹெஃபவைசன் 5 சதவீதம், விட்பியர் 4.8, லாகர் 4.8, ஸ்டவுட் 5.5, ஐ.பி.ஏ. 6.5. அந்தச் சாது ட்ரிப்பல் 8. கூட்டினால் 34.6 மில்லி. அதாவது 27 கிராம். ஊரில் கிடைக்கும் 650 மில்லி பாட்டில் பீர், 4.8 சதவீதம் என்று வைத்தால், 31 மில்லி, சுமார் 25 கிராம். ஆக நான் "டேஸ்ட் பண்ணியது" ஒரு முழு பாட்டிலைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி! அதோடு நின்றேனா? பிடித்ததில் ஒன்று பெரிதாக என்று ஐ.பி.ஏ. 330 மில்லி. அது இன்னொரு 17 கிராம். மொத்தம் 44.

சித்தப்பாவின் குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். 77 மில்லி. 61 கிராம்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 61, 44. நான் அவரிலிருந்து எவ்வளவோ தூரத்தில் இருப்பதாக ஆறு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன். ஏசி, மரத்தட்டு, பெல்ஜியப் பால்காரர், ஹாப்ஸ் கதை எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், அன்றைய ராத்திரியில் அவருடைய முக்கால் குவாட்டரை நெருங்கியிருக்கிறேன். அவர் தினமும், நான் மாதம் ஒரு தரம். அது பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. அந்த வித்தியாசம் காலண்டரில் இருக்கிறதே ஒழிய கிளாஸில் இல்லை. ருசி பார்ப்பதால் என் கல்லீரல் அதை வேறு கணக்கில் வரவு வைப்பதில்லை. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1988-லேயே சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. பட்டியலில் கிராஃப்ட் பீருக்கு விலக்கு எதுவும் இல்லை, நானும் தேடிப் பார்த்தேன்.

கெமிஸ்ட்ரியிடம் பேப்பரைக் காட்டினேன். "நீரு லெட்ஜர எடுத்தீருன்னா எல்லாம் பாழு அண்ணாச்சி" என்று சிரித்தார். அப்புறம் பேப்பரை வாங்கி அவரும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார். மருந்து கம்பெனியில் மில்லிகிராம் பிசகினால் பேட்சையே கொட்டுகிற மனிதர். தான் ஒரு நாளும் இதைக் கூட்டிப் பார்க்கவில்லை என்று சொல்லும்போது சிரிப்பு இல்லை.

ருசிப்பது பொய் என்று நான் சொல்லவில்லை. அது நிஜம். ஈஸ்ட் செய்யும் வாழைப்பழம் நிஜம். ஒரு வாய் குடித்து, ஐந்து நிமிஷம் பேசி, கிளாஸ் கொஞ்சம் சூடேறி வாசனை மாறுவதைக் கவனிக்கிறவன், மூன்று மடக்கில் விழுங்குகிறவனைவிட மெதுவாகத்தான் குடிப்பான். ருசி தெரிந்தால் குறைவாகவே போதும் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியை நாம்தான் முயற்சி எடுத்து உண்மையாக்க வேண்டும், தானாக ஆகாது. ஏனென்றால் நல்ல பீர் இன்னும் கொஞ்சம் என்று கேட்க வைக்கும். சித்தப்பாவின் பிராந்தி அவருக்கே பிடிக்காது.

பொய் எங்கே வருகிறதென்றால், குடிக்கிறோம் என்ற வார்த்தையைச் சொல்லாமல் தப்பிப்பதில். நம் மாதிரி வெளியூரில் சம்பாதிக்கும் குடும்பங்களில் இது சகஜமாகிவிட்டது. ஊருக்குப் போனால் "அந்தப் பழக்கமெல்லாம் இல்ல". இங்கே வந்தால் டேஸ்டிங், பிரூவரி விசிட், சண்டே பிரஞ்ச். டாஸ்மாக் வாசலில் நிற்கிறவன் குடிகாரன், நமக்கு மட்டும் அது ஹாபி. அந்தக் கட்டட வேலைக்காரருக்கு உட்கார ஒரு நாற்காலியும், நாக்குக்கு ஆறு விதமும், குடித்துவிட்டு வீடு போக டாக்சியும் கொடுத்தால் அவரும் டேஸ்ட் பண்ணுகிறவராகிவிடுவார். நம்மிடம் இருப்பது நாற்காலி. அதைப் போய் நாகரிகம் என்று நினைத்துக்கொள்கிறோம். சாராயக் கடை வாசலில் பெண்கள் நடக்கப் பயப்படுவதும் நிஜம்தான், மனுவே தப்பு என்று சொல்லமாட்டேன். கையெழுத்துப் போட்ட கையோடு டாக்சி பிடித்ததுதான் இப்போது உறுத்துகிறது.

அப்புறம் பையன். அடுத்த வருஷம் காலேஜ், ஹாஸ்டல். அவனிடம் "அப்பா குடிக்கிறது இல்லை, ருசிதான் பார்க்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தால், நாளைக்கு அவனும் தனக்கு வசதியான ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்துக்கொள்வான். அவனை உட்கார வைத்து அந்தப் பேப்பரைக் காட்டினேன். பெருக்கலை அவனே சரிபார்த்தான். தாத்தா எண் எது, அப்பா எண் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டான். ஒன்றும் சொல்லவில்லை. தங்கமணிதான் "இதெல்லாம் புள்ளைகிட்ட காட்டுவாங்களா?" என்று இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது இருவருக்கும் சேர்த்து ஒரே சாம்ப்ளர். ஆளுக்கு 50 மில்லி வீதம் ஆறு வகை, சுமார் 14 கிராம். பெரிய கிளாஸ் கிடையாது. நோட்டில் கடைசியாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன், கிராம். மூன்று மாதமாக எழுதிவருகிறேன். ஒரு தரம் மட்டும் 22, கெமிஸ்ட்ரிக்குப் பிரமோஷன் வந்த அன்று. அதையும் எழுதியிருக்கிறேன்.

சித்தி ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கெமிஸ்ட்ரி வீட்டுக்கு வந்தார். பீர்க் கடையில் கேட்டு வாங்கிய மால்ட்டை மூன்று காகிதப் பொட்டலங்களில் கொண்டுவந்திருந்தார். முளைகட்டிக் காய வைத்த பார்லி. ஒன்று வெளுப்பு, ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு. பையனுக்குக் காட்டத்தான் கொண்டுவந்தார். சித்தி பழுப்புப் பொட்டலத்திலிருந்து நாலு மணி எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"கேப்பையை முளைகட்டி வறுத்து மாவு பண்ணுவோமே, அந்த வாசனையால்ல இருக்கு. இவனுக்கு ஆறு மாசத்துல ஊட்டியிருக்கேன்" என்று என்னைக் காட்டினாள்.

"அதேதான் ஆச்சி. தானியம்தான் வேற."

"இதுலேர்ந்தா அதைப் பண்றான்?"

"ஆமா."

சித்தி இன்னும் நாலு மணி எடுத்தாள், கொஞ்ச நேரம் மென்றுகொண்டே இருந்தாள். பிறகு மூன்று பொட்டலத்தையும் மடித்து எடுத்துப்போய், பால்கனியில் சிட்டுக்குருவிகளுக்கு வைக்கும் தட்டில் கொட்டிவிட்டு, எங்களுக்குக் காபி கலக்கப் போனாள்.